ஏழுமலையின் உள்ளங்கை

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தோல் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். குழந்தைகளுக்குக் கிரீம் தடவுவது எப்படி என்று ஒரு வீடியோ எடுக்கிறார்களாம். முகம் வராதாம், கைகள் மட்டும்தானாம். அதற்கு என் கைகள் வேண்டுமாம். மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ரப்பர் பொம்மை ஒன்றைக் கிடத்தி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தார்கள்.

இப்போது அங்கே பொறுப்பில் இருப்பவள் காயத்ரி. நல்ல பெண், சுறுசுறுப்பு. "மேடம், இனிமே இதை அம்மாங்களோட போனுக்கு அனுப்பிடுவோம். வர்ற கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் நின்னு காட்ட முடியல" என்றாள். வெளியே வராந்தாவில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டிருந்தோம். "உங்க காலத்துல நெஜமாவே ஒவ்வொருத்தரையும் தடவச் சொல்லிப் பாத்துட்டுத்தான் அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பாங்களையுமா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏழுமலையின் ஞாபகமாகவே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். நர்ஸ் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொப்பிக்குக் கஞ்சி போட்டதும், ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் பழகியதும், அறுவைப் பிரிவில் முதல் வாரம் மயங்கி விழுந்ததும் எல்லோருக்கும் நடந்ததுதான். பிரசவ வார்டில் சில வருடங்கள் இருந்தேன். பிறகு ஒரு நாள் தோல் பிரிவுக்கு மாற்றல் வந்தது. கூட வேலை செய்தவர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்து பேசினார்கள். "யாரப் பகைச்சிக்கினே?" என்று கேட்டாள் ஒருத்தி. என் மாமியார் அன்று சாயங்காலமே குளியலறைக்குப் பக்கத்தில் தனி வாளி ஒன்றை வைத்துவிட்டார். நான் உள்ளே வந்து எதையும் தொடுவதற்கு முன்னால் கைகால் கழுவ வேண்டும் என்று சட்டம். அவரையும் குறை சொல்ல முடியாது. தோல் வியாதி என்றாலே ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள்.

தோல் பிரிவின் தலைமை டாக்டர் செலின். புதுச்சேரிக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் பிரான்சில். இவர் மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைத்தறிப் புடவை, குட்டையாக வெட்டிய நரைமுடி, பழைய ஸ்கூட்டர். எங்கள் வார்டு ஆயாக்கள் அவரை 'மதாம்' என்பார்கள். நோயாளிகளுக்கு அவர் 'செலின் அம்மா'. யாரையும் ஒருமையில் பேச மாட்டார். கூலிக்காரரோ கலெக்டர் ஆபீஸ்காரரோ, 'வாங்க, உக்காருங்க'தான். நடக்கத் தெரியாத பெண் குழந்தையைக்கூட 'வாங்க மத்முவாசேல்' என்றுதான் கூப்பிடுவார். குட்டிச் சீமாட்டியைக் கூப்பிடுவது போல இருக்கும்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வேலையில் சேர்ந்த அன்று என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். புடவைத் தலைப்பை விலக்கி வலது கையை நீட்டச் சொன்னார். ஜாடியிலிருந்து கரண்டியால் கிரீமை எடுத்து அப்படியே என் முழங்கையில் வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்தார். ஜில்லென்று இருந்தது, மயிர்க்கால்கள் இழுபட்டன. இடது கையை நீட்டச் சொன்னார். இந்த முறை கிரீமைத் தன் உள்ளங்கையில் எடுத்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, என் வீடு எங்கே, வீட்டுக்காரர் என்ன வேலை என்று விசாரித்தார். பேசிக்கொண்டே தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், முடி சாய்ந்த திசையிலேயே, தடவி இறக்கினார். கிரீம் பட்டதே தெரியவில்லை.

"எது வேணும் உங்களுக்கு?" என்றார்.

"ரெண்டாவது."

"குழந்தைக்கும் அதான் வேணும். தூஸ்மா, சிஸ்டர். தூஸ்மா."

மெல்ல, பூப்போல என்று அர்த்தம். அந்த வார்த்தையை நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கே கிடையாது. சில கிராமத்து அம்மாக்கள் அதை மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "அந்த தூஸ்மா மருந்து தீந்துபோச்சு சிஸ்டர்" என்று வந்து நிற்பார்கள்.

மருந்தில் ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலந்து பெரிய ஜாடியில் அனுப்புவார்கள். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஜனங்கள் 'வெள்ளை மருந்து' என்பார்கள். கரப்பான் என்கிற அரிப்பு நோய் வந்த குழந்தைகளின் தோல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. காய்ந்து போகும், காய்ந்தால் அரிக்கும், அரித்தால் சொறியும், சொறிந்தால் இன்னும் காயும். அந்தச் சுற்றை எங்காவது ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். இளஞ்சூடான தண்ணீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டணும். பயத்த மாவு, சீயக்காய், நலங்குமாவு எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. துண்டால் ஒற்றி எடுக்கணும். தோலில் ஈரம் இருக்கும்போதே கிரீமைத் தடவிவிடணும். ஜாடிக்குள் விரலை விடக் கூடாது. கழுவிய கரண்டியால் எடுக்கணும். வெயில் காலத்தில் கெட்டியான களிம்பைப் பூசினால் வேர்த்து வேர்க்குரு வந்துவிடும், அப்போது லேசானது. மார்கழியில் கெட்டியானது. செக்கச் செவேலென்று சிவந்த இடங்களுக்கு மட்டும் வேறொரு மருந்தை டாக்டர் எழுதுவார்; அதை அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டுமே போட வேண்டும்.

இதையெல்லாம் எல்லா டாக்டரும் சொல்வார்கள். செலின் அம்மா சொன்ன பிறகு, "இப்ப நீங்க போட்டுக் காட்டுங்க" என்பார். போட்டுக் காட்டாமல் யாரும் கதவைத் தாண்ட முடியாது. ஒரு முறை காரில் வந்து இறங்கிய அம்மா ஒருத்தர், பாரீஸிலிருந்து நாத்தனார் அனுப்பியதென்று பூப்போட்ட டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார். செலின் அம்மா திறந்து மோந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "எங்க அம்மா மாதா கோயிலுக்குப் போறப்ப இதே வாசனைதான் வரும்" என்றார். பிறகு டப்பாவை மூடி அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தார். "இது நீங்க போட்டுக்குங்க. குழந்தைக்கு வாசனை எரியும். சிஸ்டர், இவங்களுக்கு வெள்ளை மருந்து." அந்த அம்மாவும் பட்டு ரவிக்கையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து தடவிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

ஏழுமலை வந்தது ஒரு தை மாதத்துக் காலையில். வரிசையில் அவன் ஒருவன்தான் ஆம்பிளை. பெண் குழந்தையைப் பழைய வாயில் புடவையில் சுற்றி, உடம்பில் படாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சூடான பாத்திரத்தைத் தூக்கி வருகிறவன் போல வந்தான். குழந்தையின் கைகளில் காலுறையை மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டியிருந்தார்கள்.

"அம்மா வரலியா?" என்று கேட்டேன். எல்லோரும் அதைத்தான் அவனிடம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. பதில் தயாராக இருந்தது.

"அவ சேதராப்பட்டுல கம்பெனிக்குப் போறா சிஸ்டர். காலையில கம்பெனி பஸ் வந்துடும். நான் மில்லுல இருந்தேன். மில்லு மூடிட்டாங்க. கொழந்தைய நாந்தான் பாத்துக்கறேன்."

குழந்தையின் பெயர் பவித்ரா. ஒன்றரை வயது இருக்கும். புடவையை விலக்கினேன். கன்னம் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் தடித்து வெடித்திருந்தது. ஊரில் இருக்கிற வைத்தியம் எல்லாம் அதன் மேல் நடந்து முடிந்திருந்தது. வேப்பிலை, மஞ்சள், யாரோ கொடுத்த பச்சிலை, மருந்துக்கடையில் பெயர் கேட்காமல் வாங்கிய டியூப். முட்டை கூடாது, பால் கூடாது, மீன் கூடாது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி, கடைசியில் கஞ்சி மட்டும்தான் மிச்சம். தலை பெரிதாகவும் கால்கள் குச்சியாகவும் இருந்தன.

செலின் அம்மா எழுந்து வந்து குனிந்தார். "வாங்க மத்முவாசேல்" என்றார். குழந்தை அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தது. அவர் விரல் நுனியால் அதன் வயிற்றை, அங்கேதான் தோல் கொஞ்சம் நன்றாக இருந்தது, மெல்லத் தொட்டார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "தூக்கி மடியில வச்சுக்குங்க" என்றார்.

அவன் தயங்கினான். "என் கை பட்டாலே அழுவுதும்மா."

"வச்சுக்குங்க. பாக்கறேன்."

அவன் தூக்கினான். அவனுடைய உள்ளங்கை முதுகில் பட்டதும் குழந்தை வில்லாக வளைந்து வீறிட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செலின் அம்மா குழந்தையை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, "ஏழுமலை, உங்க கையக் காட்டுங்க" என்றார்.

வருடக்கணக்காக மில்லில் சலவைப் பிரிவில் நின்ற கை. மில் மூடிய பிறகு கொத்தனாரோடு சிமெண்டு கலக்கப் போயிருக்கிறான். இப்போது வீட்டில் பாத்திரமும் துணியும் சோப்புக்கட்டியும். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. விரல் இடுக்குகளில் பாளம் பாளமாக வெடிப்பு. ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. தடவினால் உப்புத்தாள் போல இருந்திருக்கும்.

செலின் அம்மா தன் உள்ளங்கையில் கிரீமை எடுத்து, கண்ணை மூடிச் சேர்த்து வைத்துச் சூடாக்கி, அவனுடைய கையைப் பிடித்துத் தடவ ஆரம்பித்தார்.

அவன் பதறி எழுந்துவிட்டான். "ஐயோ, எனக்கு எதுக்கும்மா? கொழந்தைக்குப் பாருங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"உக்காருங்க."

"வேணாம்மா, நீங்க போயி என் கைய..."

"ஏழுமலை, பகல் முழுக்க இந்தக் குழந்தையத் தொடறது யாரு?"

"நாந்தான்."

"அப்ப மருந்து இந்தக் கை வழியாத்தான் போகணும். இது முதல்ல ஆறட்டும். அதுவரைக்கும் பகல்ல சிஸ்டர் போடுவாங்க. தெனம் தூக்கினு வாங்க."

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரிய டாக்டரம்மா கூலிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக நீவிவிடுவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் பார்த்ததில்லை. ஏழுமலை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து வரைக்கும் வேர்த்துவிட்டது அவனுக்கு.

அதற்குப் பிறகு தினமும் வந்தான். சைக்கிளின் முன்னால் சின்ன சீட்டு வைத்து, அதில் துண்டை மடித்துப் போட்டு, பவித்ராவை உட்கார வைத்துக்கொண்டு வருவான். காலையிலும் இரவிலும் குழந்தையின் அம்மா கலைச்செல்வி தடவினாள், பகலில் நான். நான் குழந்தைக்குத் தடவும்போது அவன் எதிரில் உட்கார்ந்து, நான் சொல்லாமலே, தன் கைகளுக்குத் தடவிக்கொள்வான். துணி துவைத்தால் சோப்பு போகும்வரை மறுபடி மறுபடி அலசச் சொன்னோம். முட்டையையும் பாலையும் மீனையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வைத்தார் செலின் அம்மா. எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. ரொம்ப மோசமான இடங்களில், கிரீமுக்கு மேல் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைச் சுற்றி, அதற்கு மேல் உலர்ந்த துணியைச் சுற்றுவோம். கலைச்செல்வியின் பழைய உள்பாவாடையை அவனே வெட்டி, அதற்கென்று சின்னச் சின்னக் குழாய் போலத் தைத்துக் கொண்டு வந்தான். மில்லில் இருந்தவனுக்குத் துணியைப் பற்றித் தெரிந்திருந்தது. "இது எத்தினியோ தபா தோச்சது சிஸ்டர், உறுத்தாது" என்றான்.

அவனுக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. பால்வாடியில் பவித்ராவைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். குடியிருந்த வரிசை வீட்டில், பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பீத்துணி துவைக்கிறான் என்று கேலி. காலாப்பட்டில் இருந்த மச்சான் வேறு, "ஆம்பள வளத்தா இப்படித்தான் ஆவும். கொழந்தைய எங்கிட்ட விடுங்க" என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். ஏழுமலை இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்வான்.

மாசி கழியும்போது அவன் கையில் வெடிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் செலின் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நீங்க போடுங்க" என்றார். அவன் கிரீமை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் நின்றான். சூடு ஏறிக் கிரீம் உருகியே போய்விட்டது. பிறகு குழந்தையின் முதுகில் கையை வைத்தான். பவித்ரா திரும்பிப் பார்த்தது. அழவில்லை. அவன் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு தடவை தடவி இறக்கினான். அது மறுபடியும் தன் கையில் இருந்த டப்பா மூடியைக் கடிக்கப் போய்விட்டது. "அழல சிஸ்டர்" என்றான். "பாத்தீங்களா, அழல."

அப்புறம் தினமும் வர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. காலை வேளைக்கும் அவனே தடவ ஆரம்பித்தான். வாரத்துக்கு ஒரு முறை வந்தான். கன்னம் ஆறிவிட்டது. காலுறைகளைக் கழற்றியாகிவிட்டது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு நாள், அவன் வர வேண்டிய நாளே இல்லை, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையைத் தாண்டி உள்ளே வந்தான். "சிஸ்டர், அம்மாவக் கூப்பிடுங்க" என்றான்.

"என்ன ஆச்சு?"

"காலையில மருந்து போடறப்ப கழுத்துல இன்னாமோ மாதிரி இருந்துது. சொரசொரப்பு இல்ல. மணி மணியா தட்டுது. எனக்குத் தெரியும் சிஸ்டர், இது அந்த அரிப்பு இல்ல. உடம்பும் கொதிக்குது."

பார்த்தேன். கழுத்திலும் தாடைக்குக் கீழும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், எல்லாம் ஒரே அளவில். சில உடைந்து குழியாகியிருந்தன. செலின் அம்மா வந்து பார்த்தார். எப்போதும் போல மத்முவாசேல் என்று சொல்லவில்லை. "வார்டுக்குப் போங்க. இப்பவே" என்று மட்டும் சொன்னார். குழந்தைகள் வார்டுக்குத் தானே கூட நடந்தார். அது உதட்டில் காய்ச்சல் கொப்புளம் வருகிறதே, அதே கிருமி. நம்மைப் போன்றவர்களுக்கு நாலு நாளில் ஆறிவிடும். கரப்பான் உள்ள குழந்தையின் தோலில் இறங்கினால் உடம்பு முழுக்கப் பரவும், கண்ணுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் கலைச்செல்வி வந்தாள். அவளை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல், கையில் ஊசி.

"கிரீம் கிரீம்னு தடவித் தடவியே கொன்னுட்டியேய்யா" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நல்லாத்தான் இருந்துது. போதும். நான் காலாப்பட்டுக்குத் தூக்கினு போறேன். எங்கண்ணன் பாத்துக்கும்."

"கலை, மருந்து ஏறுது. எடுக்கக் கூடாது."

"கைய எடு."

"எடுக்க மாட்டேன். டாக்டரம்மா வரட்டும்."

"கைய எடுய்யான்னா!"

குழந்தையின் மேல் இருந்த அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிடித்த கையைப் புரட்டிப் பார்த்தாள். கட்டை விரலால் உள்ளங்கையை அழுத்தினாள். அவள் விடியற்காலையில் எழுந்து வேலைகளை முடித்துப் பஸ் ஏறுகிறவள். திரும்பி வந்தால் சமையல், குழந்தை, தூக்கம். இத்தனை மாதத்தில் புருஷன் கையைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது.

"இன்னாய்யா இது," என்றாள். "உன் கையா?"

மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.

"எப்படி இப்படி ஆச்சு?"

"பாப்பாவுக்கு உறுத்தக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. நானும் போட்டுக்கறேன், தெனம்."

அவள் அந்தக் கையை விடாமலே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் ஊசி இருந்த இடத்தைச் சரிபார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செலின் அம்மா வந்தபோது அவள் கொஞ்சம் தேறியிருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். இது என்ன நோய், என்ன மருந்து, ஏன் இன்று கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று அவசரமில்லாமல் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தா எனக்கு ரொம்பக் கஷ்டமாயிருக்கும்" என்றார். பிறகு, "உதட்டுல புண்ணு இருக்கறவங்க யாரா இருந்தாலும் கொஞ்ச நாளைக்குக் குழந்தைக்கு முத்தம் குடுக்க வேணாம். எனக்கு வந்தாலும் அதான், சிஸ்டருக்கு வந்தாலும் அதான்" என்றார்.

கலைச்செல்வியின் கை தானாகவே வாய்க்குப் போயிற்று. கீழுதட்டின் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த பொருக்கை நான் அப்போதுதான் கவனித்தேன். செலின் அம்மா முன்னாலேயே கவனித்திருப்பார்.

ஏழுமலை தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் அவள் கேட்டாள். "என்னாலதானாம்மா?"

"பஸ்ஸுல வரும், பால்காரர்கிட்டேர்ந்து வரும், எங்கேர்ந்தும் வரும். வந்துடுச்சு, போயிடும். யாருன்னு தேடறது என் வேலையில்ல. உங்க வேலையும் இல்ல."

"அவருகிட்ட..."

"அவருக்கும் அந்த வேலை இல்ல" என்று சொல்லி எழுந்துவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவர் எங்கள் யாரிடமும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

சில நாட்கள் பயத்தில்தான் போயின. கண் டாக்டர் வந்து பார்த்து, கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன அன்றுதான் செலின் அம்மா மறுபடியும் 'மத்முவாசேல்' என்று கூப்பிட்டார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. சின்னக் குழித் தழும்புகள் சில காலம் இருந்தன. வெள்ளை மருந்தைத் திரும்ப ஆரம்பித்தபோது கலைச்செல்வியும் லீவு போட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தடவிக் காட்டினாள். அவளுக்கு அவன் சொல்லிக் கொடுத்தான். "சூடு பண்ணு. இன்னும். இன்னுங் கொஞ்சம். இப்ப எறக்கு." 

பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம், ஒரு நாள் காலை வேலைக்கு வரும் வழியில் செலின் அம்மா அந்தப் பால்வாடிக்கு ஸ்கூட்டரை விட்டிருக்கிறார். ஏழுமலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பவித்ராவை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே இருந்த குழந்தைகளோடு கைதட்டி விளையாடியிருக்கிறார். யாருக்கும் எதையும் விளக்கவில்லையாம். பெண்கள் வாசலில் கூடி நின்று பார்த்தார்களாம். போகும்போது பவித்ராவின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக் கொஞ்சிவிட்டு, "நாளைக்கும் வருவாங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் கை ஒழிந்ததும் ஏழுமலை ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சிமெண்டு வேலைக்கு அப்புறம் அவன் போகவில்லை.

நோய் போய்விடவில்லை. அது அப்படிப் போகிற நோய் இல்லை. ஒவ்வொரு மார்கழியிலும் முழங்கை மடிப்பில் தலைகாட்டும். வெயில் காலத்தில் வேர்வையில் கழுத்து சிவக்கும். ஆனால் அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வருவது குறைந்தது. நாங்களும் வேறு குழந்தைகளைப் பார்க்கப் போய்விட்டோம்.

சில வருடங்கள் கழித்து, செலின் அம்மா ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் ஓ.பி. முடிகிற நேரத்தில் ஏழுமலை வந்தான். குழந்தை இல்லை, தனியாக வந்திருந்தான். சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நான் பயந்துவிட்டேன்.

"பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நல்லாருக்குது." நின்றான். "மருந்து போட வுட மாட்டேங்குது."

"ஏன், எரியுதா?"

"இல்ல சிஸ்டர். 'நீ வேணாம் போப்பா, நானே போட்டுக்குவேன்'னு டப்பாவப் புடிங்கிக்குது. கரண்டியில எடுத்து, கைய ரெண்டும் சேத்து வச்சிக்கினு, நம்ம டாக்டரம்மா மாதிரியே கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்குது. அப்புறம் கையில, கால்ல, அதுவே போட்டுக்குது. நான் கிட்டப் போனா தள்ளுது."

சொல்லிக்கொண்டே சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆயிற்று. தன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டான்.

"நல்லதுதான். வளருது, இல்ல? ஆனா பாருங்க சிஸ்டர், காலையில எழுந்ததும் கைய கழுவிட்டு வந்து நிக்கறேன். எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய செலின் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவன் பக்கத்தில் வந்து, முதல் நாள் செய்தது போலவே, அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திய தழும்புகள் தவிர வேறொன்றும் இல்லை.

"முதுகுக்கு யார் போடறா?" என்று கேட்டார்.

ஏழுமலை யோசித்தான். "முதுகுக்கா? முதுகு அதுக்கு எட்டாதே."

"எட்டாதுல்ல?" என்றார் செலின் அம்மா. "அப்ப முதுகு உங்களுது. இன்னும் ரொம்ப நாளைக்கு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றான். வெளியே போய் சைக்கிளை எடுத்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் வரைக்கும்கூடத் தள்ளிக்கொண்டு போகப் பொறுமை இல்லாமல், வராந்தா ஓரத்திலேயே ஏறி மிதித்துக்கொண்டு போனான்.